இரு வகை ஐயங்கள்: சப்பிரகமுவ மலைகளும் காபன் வாணிபமும்

புவி வெப்பமடைகின்றது என்னும் கூற்றைப் பற்றி ஐயங்கொள்வோர் இன்று நம்மிடையே இரு திறத்தினராக இருக்கின்றனர். அவ்வாறு ஒன்று நிகழவே இல்லை, நிகழினும் அது மனிதர் செயலால் விளைந்ததன்று, நம் போன்ற ஏழை நாடுகளின் தொழில் வளர்ச்சியைத் தடுப்பதற்காக மேனாட்டு வல்லரசுகள் புனைந்த கதையே அது என்பர் ஒரு சாரார். வெப்பம் ஏறுவது மெய்யே, ஆயின் அதனைத் தணிப்பதற்கென்று கொணரப்பட்ட காபன் வாணிபம் வெறும் பித்தலாட்டம் என்பர் மற்றொரு சாரார். வியப்பு என்னவெனில், இவ்விரு ஐயங்களும் பெரும்பாலும் ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில் வெளிப்படுகின்றமையே. முற்போக்கு எண்ணம் படைத்த ஆசிரியரும் மாணவரும் கூடுமிடங்களிலேயே, 'வாணிபம் மோசடி. ஆகவே வெப்பமும் மோசடி' என்று வழக்கைத் தீர்த்துவிடும் நண்பர்களை நாம் காண்கின்றோம். இவ்விரண்டும் வெவ்வேறு தாய்வயிற்றுப் பிள்ளைகள் என்பது எமது கருத்து. அவற்றின் பிறப்பை ஆராயப் புகும் இக்கட்டுரையை இலண்டனிலோ நியூயோர்க்கிலோ தொடங்காமல், கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் தொடங்குகின்றோம். அதற்குக் காரணம் உண்டு.

2016 மே 17ஆம் நாள் மாலை, அரநாயக்கவில் சாமசர மலையின் ஒரு பக்கம் பெயர்ந்து கீழிறங்கிற்று. பின்னர் 'ரோனு' என்று பெயர் பெற்ற சூறாவளிக்கு மூலமான தாழமுக்கத்தினால், அதற்கு முந்திய மூன்று நாட்களில் அப்பகுதியில் 400 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியிருந்தது. சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே ஆகிய சிற்றூர்களின் வீடுகள் சேற்றினடியில் மறைந்தன. இறந்தோரும் காணாமற்போனோருமாக நூற்றுக்கு மேற்பட்டோர். பலருடைய உடல்கள் எடுக்கப்படவே இல்லை. அவர்கள் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர். அதே நாளில், அதே மாவட்டத்தில், புலத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்தில் லயன் குடியிருப்பின் மீது மண் சரிந்து பத்துக்கு மேற்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர் மாண்டனர். ஒரே மழை, ஒரே மாவட்டத்து மலைகள். ஒரு சரிவில் சிங்களத்தில் அழுதனர், மறு சரிவில் தமிழில் அழுதனர். அரநாயக்கவின் பெயர் நாடெங்கும் நின்றது; களுபஹனவின் பெயரைச் செய்தித்தாள்கள் சில நாட்களில் மறந்தன. இதனையும் ஈண்டுக் குறித்து வைத்தல் தகும்.

அழிவுக்குப் பின்னர்க் காரணம் கூற வந்தோர் பலர். விதி என்றனர் சிலர். இயற்கையின் சீற்றம் என்றனர் வேறு சிலர். மேடை ஏறிய பெரியோர் 'காலநிலை மாற்றம்' என்னும் சொல்லை எடுத்தாண்டனர். அச்சொல்லில் பொய் இல்லை. ஆயின் அது சொல்லப்படும் வேளையைக் கவனித்தல் வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டத்தில் மண்சரிந்து லயன்கள் புதையுண்டன அல்லவா? அவ்விடம் குடியிருக்கத் தகாதது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கைக் கடிதத்துக்கும் மண்சரிவுக்கும் இடையில் ஒன்பது ஆண்டுகள் கிடந்தன. அவ்வொன்பது ஆண்டுகளில் அக்குடும்பங்களுக்குப் பாதுகாப்பான காணியும் வீடும் கொடுக்காமல் விட்டது வளிமண்டலமா? உலகளாவிய பெருங்காரணம் ஒன்று, அருகிலுள்ள சிறு காரணத்தை மறைக்கும் திரையாகப் பயன்படுகின்றபோது, மக்கள் அத்திரையையே வெறுக்கத் தொடங்குவர். தோட்டத்துப் பெரியவர் ஒருவர் 'காலநிலை மாற்றம்' என்று கேட்டதும் உதட்டைப் பிதுக்கினால், அவர் அறிவியலை மறுக்கின்றார் என்று நாம் கொள்ளலாகாது. சாக்குப்போக்கு ஒன்றைக் கேட்டுப் பழகிய காது அது.

அம்மலைகள் எவ்வாறு இந்நிலைக்கு வந்தன என்பதைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவோ தரிசாகவோ பயிரிடப்படாமலோ கிடந்த நிலம் யாவும், வேறுவிதமாக நிறுவப்படும்வரை முடிக்குரியதே என்று கொண்டது. ஓலைச் சான்றும் ஊர் வழக்கும் மட்டுமே உடைய குடியானவன் எதனை நிறுவுவான்? சேனைப் பயிர் செய்த நிலங்களும் பொதுக் காடுகளும் அடிமாட்டு விலைக்குத் துரைமாரிடம் சென்றன. கோப்பி அதன் உச்சியில், 1870களின் இறுதியில், ஏறக்குறைய 275,000 ஏக்கரில் நின்றது. 1869இல் தோன்றிய இலைநோய் அதனைத் தின்று தீர்க்க, தேயிலை வந்தது. சப்பிரகமுவவின் தாழ்ந்த மலைகளில் றப்பரும் வந்தது. அக்காடுகளை வெட்டியும் எரித்தும் வெளியாக்கிய கைகள் யாருடையவை என்பதை எம் வாசகர்க்குக் கூற வேண்டுவதில்லை. திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட எம் முன்னோரும் அவ்வேலையில் மடிந்தனர். காட்டை அழித்த கோடரி அவர்களுடைய கையில் இருந்தது. அதன் இலாபம் வேறிடத்தில் இருந்தது.

காலனியாதிக்கத்தின் அறிஞர்களே இவ்வழிவு கண்டு அஞ்சினர் என்பது பலர் அறியாத செய்தி. கியூ தாவரவியற் பூங்காவின் தலைவராகிய ஹூக்கர் 1873இல் விடுத்த எச்சரிக்கையின் பின்னரே, 5,000 அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளை விற்பது நிறுத்தப்பட்டது. மழையும் ஆறும் காட்டோடு பிணைந்தவை என்ற கருத்து அன்றே பேசப்பட்டது. ஆனால் அக்கருத்தைக் கையிலெடுத்த அதிகாரிகள், பழியைத் தோட்டத்தின் மீது சுமத்தினார்களா? இல்லை. சேனை வெட்டும் ஏழைக் குடியானவனே காட்டின் பகைவன் என்று எழுதினார்கள். இவ்வுத்தியை மனத்தில் இருத்திக் கொள்க. நூறாண்டு கழித்து வேறோர் உடையில் இதனை மீண்டும் சந்திப்போம். 1956இல் இலங்கையின் நிலப்பரப்பில் 44 வீதமாக இருந்த காடு, 2010ஆம் ஆண்டளவில் 30 வீதத்துக்குச் சற்றுக் குறைந்துவிட்டது. சுதந்திரத்துக்குப் பிந்திய அரசுகளும் இதில் தூய்மையான கையினர் அல்லர்.

வானிலை மனிதரைக் கொல்லும்போது, அது யாரைத் தேர்ந்து கொல்கின்றது? இக்கேள்விக்கு விடை தேட 1934ஆம் ஆண்டைக் காட்டிலும் சிறந்த பாடம் கேகாலை மாவட்டத்துக்கு இல்லை. அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எக்காலமும் நுரைத்தோடும் மலையாறுகள் மெலிந்து, மணலிடையே குட்டைகளாகத் தேங்கின. ஓடும் நீரில் பெருக முடியாத நுளம்பு அக்குட்டைகளில் பெருகிற்று. ஈரவலயத்து மக்களோ மலேரியாவுக்குப் பழக்கப்படாதவர். அவர்களுடைய உடலில் எதிர்ப்புச் சக்தி இல்லை. 1934 இறுதியில் தொடங்கி 1935 வரை நீடித்த அக்கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். கேகாலை மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட மாவட்டங்களுள் முதன்மையானது. மழை பொய்த்தமை ஒரு காரணம். உலகப் பொருளாதார மந்தத்தினால் றப்பரின் விலை வீழ்ந்து, கூலிவேலை அற்று, பட்டினியால் மக்கள் மெலிந்திருந்தமை மறு காரணம். ஒரே நுளம்பு கடித்தும், உண்டவன் எழுந்தான், உண்ணாதவன் எழவில்லை. அவன் பிள்ளைகள் எழவே இல்லை.

அன்று அவ்வூர்களுக்குள் சென்றவர் யாவர்? சூரியமல் இயக்கத்து இளைஞர்கள். மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் என். எம். பெரேராவும் அவர்களோடு சேர்ந்தோரும் மருந்தும் பருப்பும் சுமந்து கிராமம் கிராமமாகச் சென்றனர். பெரேராவுக்குப் 'பருப்பு மஹாத்தயா' என்னும் பெயர் அவ்வழி வந்தது. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. 1936இல் ருவன்வெல்லத் தொகுதி மக்கள் பெரேராவையும், அவிசாவளைத் தொகுதி மக்கள் பிலிப் குணவர்த்தனவையும் அரசாங்க சபைக்கு அனுப்பினர். இந்நாட்டு இடதுசாரி இயக்கத்தின் தொட்டிலை ஆட்டிய கைகளுள் ஒன்று பொய்த்துப்போன ஒரு பருவமழையின் கை என்று கூறினால் அது மிகையாகாது. அவ்விளைஞர்கள் 'வானம் பொய்த்தது உண்மையா, கட்டுக்கதையா' என்று விவாதித்துக்கொண்டு கொழும்பில் இருந்துவிடவில்லை. வானம் பொய்த்தது உண்மை என்பதை ஏற்றுக்கொண்டனர். அப்பொய்ப்பு ஏன் ஏழையை மட்டும் கொல்கின்றது என்று கேட்டனர். இன்றைய ஐயவாத நண்பர்கள் இவ்வரலாற்றைத் தமது இயக்கத்தின் வரலாறு என்றே கொண்டாடுகின்றனர். ஆயின் அதன் முறையைக் கைவிட்டுவிட்டனர்.

இனி முதல் ஐயத்துக்கு வருவோம். புவி வெப்பமடைதல் என்பது 1980களில் வாஷிங்டனில் உருவான சூழ்ச்சி என்பார்க்கு, அறிவியலின் நாட்காட்டியைக் காட்டினாலே போதும். 1856இல் யூனிஸ் ஃபூட் என்னும் அமெரிக்கப் பெண்மணி, கண்ணாடிக் குழாய்களில் வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, காபனீரொட்சைட்டு மிகுந்த குழாயே மிக வெப்பமடைவதைக் கண்டார். (தமிழகத்தார் கரியமில வாயு என்பதையே நம் பாடநூல்கள் இப்பெயரால் வழங்குகின்றன.) 1859 முதல் ஜோன் டின்டால் இலண்டனில் அதனை அளந்து காட்டினார். 1896இல் சுவீடன் நாட்டு அரீனியஸ், வளியில் இவ்வாயு இருமடங்கானால் வெப்பம் எத்தனை பாகை உயரும் என்று கையாற் கணக்கிட்டார். 1938இல் கலண்டர் என்னும் நீராவிப் பொறியியலாளர், அவ்வுயர்வு தொடங்கிவிட்டது என்று ஆங்கில வானிலைக் கழகத்தாரிடம் கூறி, அவர்களுடைய ஐயத்துக்கு ஆளானார். இவர்களுள் எவருக்கு நம் தொழில் வளர்ச்சியைத் தடுக்கும் நோக்கம் இருந்தது? 1958இல் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது பத்து இலட்சம் பங்கு வளியில் ஏறக்குறைய 315 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு, 2024இல் 420ஐத் தாண்டிவிட்டது. ஆலை யுகத்துக்கு முன்னர் அது 280 அளவிலேயே இருந்தது.

'காலநிலை எக்காலமும் மாறியே வந்துள்ளது. சூரியனே காரணமாகலாம்' என்பது எம் மாணவர் அடிக்கடி எழுப்பும் வினா. நல்ல வினா, அதற்கு விடையும் உண்டு. சூரியன் காரணமாயின் வளிமண்டலத்தின் கீழடுக்கும் மேலடுக்கும் ஒருங்கே வெப்பமுற வேண்டும். அளந்து பார்த்ததிலோ கீழடுக்கு வெப்பமுறுகின்றது, மேலடுக்கு குளிர்கின்றது. வெப்பம் கீழே சிறைப்படுவதன் அடையாளம் இது. மிகுந்து வரும் காபன் எங்கிருந்து வந்தது என்பதற்கும் சாட்சியம் உண்டு. நிலக்கரியும் எண்ணெயும் பல கோடி ஆண்டுகள் மண்ணுள் கிடந்தமையால் அவற்றில் கதிர்வீசும் காபன் அழிந்துபோயிற்று. வளியிலுள்ள காபனில் அவ்வகை குறைந்து வருவதை 1955இல் ஹான்ஸ் சூஸ் எடுத்துக் காட்டினார். திருடனின் கைரேகை போன்றது அது.

இடதுசாரிகளுள் இவ்வையத்துக்கு மிகக் கூர்மையான வடிவம் தந்தவர் அலெக்சாண்டர் கொக்பேர்ன். 2007இல் அமெரிக்காவின் 'த நேஷன்' இதழில் அவர் எழுதிய கட்டுரை, காபன் சான்றிதழ்களை மத்திய காலத்துப் போப்பாண்டவரின் பாவமன்னிப்புச் சீட்டுகளுக்கு ஒப்பிட்டது. அவ்வொப்புமை அழகானது, அதில் உண்மையும் உண்டு. ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. 1929க்கும் 1932க்கும் இடையில் மந்தத்தினால் ஆலைகள் மூடப்பட்டு மனிதர் வெளிவிட்ட காபன் ஏறக்குறைய 30 வீதம் குறைந்தது. ஆயினும் வளியிலிருந்த அளவு குறையவில்லை. ஆகவே மனிதன் காரணன் அல்லன் என்று வாதித்தார். கணித ஆசிரியர் எவரும் இதிலுள்ள பிழையைக் கண்டுகொள்வர். தொட்டியில் நாளொன்றுக்குப் பத்துக் குடம் நீர் வந்து ஐந்து குடம் வெளியேறுகின்றது என்க. வரத்து ஏழு குடமாகக் குறைந்தால் தொட்டியின் மட்டம் தாழுமா? மெதுவாக ஏறும், அவ்வளவே. வரத்தையும் இருப்பையும் ஒன்றெனக் கொண்ட பிழை இது. சந்தையின் மீது அவர் கொண்ட நியாயமான வெறுப்பு, தொட்டியின் கணக்கை மறைத்துவிட்டது.

இன்னொன்றையும் அந்நண்பர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எக்ஸன் எண்ணெய்க் கம்பனியின் அறிவியலாளரே 1977இல் தம் மேலாளரிடம் இவ்வாபத்தை எடுத்துரைத்தனர். 1980களின் தொடக்கத்தில் அக்கம்பனியின் உள்ளறிக்கைகள் வரப்போகும் வெப்பத்தைக் கணித்தும் வைத்திருந்தன. அதன் பின்னர் 1989இல் எண்ணெய், நிலக்கரி, மோட்டார் முதலாளிமார் கூடி 'உலகக் காலநிலைக் கூட்டணி' என்று இதமான பெயரொன்றைச் சூட்டிக்கொண்டு, 2002 வரை ஐயத்தைப் பரப்புவதற்குப் பணத்தை வாரியிறைத்தனர். 'ஏகாதிபத்தியத்தின் பொய்' என்று நம் நண்பர் எதனைச் சாடுகின்றாரோ, அதனை ஏகாதிபத்தியத்தின் எண்ணெய் முதலாளியும் பொய் என்றே சாடினான். தமக்கு எழுதிக் கொடுத்தவன் யார் என்று அறியாமலே வசனம் பேசும் நடிகரின் நிலை இது.

எனினும் மேனாடுகள் மீது கொண்ட ஐயம் வெறும் மனப்பிராந்தி அன்று. 1990இல் வாஷிங்டன் நிறுவனமொன்று வெளியிட்ட கணக்கு, நெல்வயலிலும் மாட்டுக் கொட்டிலிலும் எழும் வாயுவை மோட்டார் வண்டியின் புகையோடு சேர்த்துக் கூட்டி, இந்தியாவையும் சீனாவையும் பிரேசிலையும் பெருங்குற்றவாளிகளின் வரிசையில் நிறுத்திற்று. தில்லியின் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் அதற்கு விடையிறுத்தனர். பிழைப்புக்கான புகை வேறு, சொகுசுக்கான புகை வேறு; வளிமண்டலம் அனைவர்க்கும் தலைக்குச் சமமாக உரியது என்றனர். அவர்கள் அறிவியலை மறுக்கவில்லை. கணக்குப்பிள்ளையின் ஏட்டைத் திருத்தினார்கள். இன்றுங்கூட இலங்கையில் ஆளொருவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு தொன் காபனீரொட்சைட்டு. ஐக்கிய அமெரிக்காவில் பத்து மடங்குக்கும் மேல். ஆலை யுகந்தொட்டு வெளிவிடப்பட்டதனைத்தையும் கூட்டினால் அதில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு அந்நாட்டுக்குரியது. மழையும் கூட இக்கணக்கில் நுழைகின்றது. வளி ஒரு பாகை வெப்பமடைந்தால் அது ஏந்தும் நீராவி ஏறக்குறைய 7 வீதம் கூடும். சாமசர மலையில் பெய்த மழை முழுவதும் வெப்பத்தால் வந்தது என்று கூறுவார் அறிவியலை அறியார். எனினும் இத்தகைய பெருமழைகள் மேலும் கனக்கின்றன என்பது ஐயத்துக்கிடமற்றது.

இரண்டாவது ஐயம் காபன் வாணிபத்தைப் பற்றியது. இதன் பிறப்பைச் சற்று விரிவாகவே கூறவேண்டும். மாசு செய்யும் உரிமையை விற்பனைச் சரக்காக்கலாம் என்று 1968இல் நூலெழுதியவர் கனடாப் பொருளியலார் டேல்ஸ். 1990இல் அமெரிக்கா கந்தகப் புகைக்கு அதனைச் சட்டமாக்கிற்று. பின்னர் 1997ஆம் ஆண்டில், கியோட்டோ மாநாட்டுக்குச் சில மாதங்கள் முன்னர், பிரேசில் ஒரு யோசனையை முன்வைத்தது. ஒவ்வொரு செல்வ நாடும் வரலாறு முழுவதிலும் வெளிவிட்ட புகைக்கேற்ப அதன் பொறுப்பை வரையறுக்க வேண்டும். வரம்பு மீறிய நாடு அபராதம் செலுத்த வேண்டும். அவ்வபராதம் ஒரு நிதியமாகி, ஏழை நாடுகள் தூய தொழில்நுட்பம் பெற உதவ வேண்டும் என்பது அது. டிசம்பரில் கியோட்டோவில் அந்த யோசனை வெளிவந்தபோது உருவமே மாறியிருந்தது. அபராதம் மறைந்து 'பொறிமுறை' ஆகியிருந்தது. பணக்கார நாட்டு ஆலை, ஏழை நாட்டில் எங்கோ ஒரு திட்டத்திலிருந்து சான்றிதழ் வாங்கிக்கொண்டு, தன் புகைபோக்கியைத் தொடர்ந்து புகையவிடலாம். தூய அபிவிருத்திப் பொறிமுறை என்று அதற்குப் பெயர். தண்டனையாகக் கருவுற்றது சலுகையாகப் பிறந்தது. இம்மாற்றத்தை முன்னின்று வற்புறுத்திய ஐக்கிய அமெரிக்காவே பின்னர் அவ்வுடன்படிக்கையை உறுதிப்படுத்த மறுத்துவிட்டது என்பது இந்நாடகத்தின் நகைச்சுவைக் காட்சி.

இலங்கை 2002இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது. 2005இல் இப்பொறிமுறையின் கீழ்ப் பதிவான நம் நாட்டின் முதற் திட்டங்களுள் இரத்தினபுரி மாவட்டத்து மலைகளின் பெயர்கள் உள்ளன: ஹப்புகஸ்தென்ன, அலுபொல. இவை தோட்டப் பெயர்கள் என்பதை வாசகர் அறிவர். மலையோடையை மறித்து மின்சாரம் பிறப்பிக்கும் சிறு நீர்மின் நிலையங்கள் அவை. வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலேயே தேயிலைத் தொழிற்சாலைகள் பல இவ்வாறான ஓடை நீரின் பொறிகளால் ஓடின. தேசிய மின்கம்பி வந்தபின் அவை துருப்பிடித்துக் கிடந்தன. ஆகவே நீர்ப்பொறியை நாம் எதிர்க்கவில்லை. ஓடையை முற்றாக வற்றச் செய்யாமல், கீழ்ப்புற மக்களின் குடிநீரைப் பறிக்காமல் அமைத்தால் அது நல்லதே. எமது கேள்வி, அதன் தலைமீது ஏற்றப்பட்ட காகிதத்தைப் பற்றியது.

அக்காகிதம் பிறக்கும் முறையைக் கூறுவோம். நிலையத்தின் உடைமையாளர், 'இச்சான்றிதழ்ப் பணம் கிடைக்காதிருப்பின் யான் இதனைக் கட்டியிரேன். அவ்வழி இத்தனை தொன் புகை எண்ணெய் எரித்து வெளிவந்திருக்கும்' என்று நிறுவ வேண்டும். நிகழ்ந்ததற்கும் நிகழாததற்கும் உள்ள இடைவெளியே சரக்கு. நிகழாதது எவ்வளவு என்பதை யாரால் அளக்க முடியும்? விற்பவனுக்கு அது பெரிதாயிருத்தல் நலம், வாங்குபவனுக்கும் அவ்வாறே, அளந்து சான்றளிக்கும் நிறுவனத்துக்குக் கூலி கொடுப்பவனும் விற்பவனே. 2016இல் ஐரோப்பிய ஆணைக்குழுவுக்காக ஜேர்மனியின் ஆய்வு நிறுவனமொன்று தயாரித்த அறிக்கை, தான் ஆராய்ந்த திட்டங்களில் 85 வீதமானவை உண்மையில் மேலதிகக் குறைப்பைத் தந்திருக்கும் வாய்ப்புக் குறைவு என்று கண்டது. ஏனையவற்றை விடக் கேலிக்குரியது குளிரூட்டி வாயுத் தொழிற்சாலைகளின் கதை. அங்கே கழிவாக வெளிவரும் ஒரு வாயுவின் ஒரு தொன்னை எரித்தால் 11,700 தொன் காபனீரொட்சைட்டுக்கு நிகரான சான்றிதழ் கிடைத்தது. எரிக்கும் செலவோ மிக அற்பம். சீனாவிலும் இந்தியாவிலும் அத்தகைய ஆலைகளுக்குச் சரக்கை விடக் கழிவே இலாபமாயிற்று. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் அச்சான்றிதழ்களைத் தன் சந்தையிலிருந்து விலக்கவேண்டி வந்தது. அச்சந்தையின் வரலாறு அதைவிடச் சிறந்ததன்று. 2005இல் தொடங்கியபோது ஆலைகளுக்குப் புகை உரிமைகள் இலவசமாகவும் தேவைக்கு மிஞ்சியும் வழங்கப்பட்டன; 2006இல் 30 யூரோவை எட்டிய விலை, 2007 இறுதியில் ஏறக்குறையச் சுழியமாயிற்று. ஏழை நாட்டுச் சான்றிதழ்களின் விலையும் 2012இன் இறுதியில் ஒரு யூரோவுக்குக் கீழே வீழ்ந்தது.

சேனைக் குடியானவனை மனத்தில் இருத்துமாறு முன்னர்க் கூறினோம். உகண்டாவின் எல்கன் மலைக் காப்பகத்தில், நெதர்லாந்து மின்சாரக் கம்பனிகளின் புகைக்கு ஈடாக 1994 முதல் மரம் நடப்பட்டது. அக்காப்பகத்திலிருந்து அதற்குச் சற்று முன்னர் வெளியேற்றப்பட்ட குடியானவர், காட்டை அழிப்போர் என்று குற்றஞ்சாட்டப்பட்டனர். பின்னாளில் அவர்கள் மரங்களை வெட்டித் தம் நிலத்தில் மீண்டும் பயிரிட்டபோது, ஐரோப்பாவில் விற்கப்பட்ட புகைக்கணக்கு என்னவாயிற்று? 1840இன் சட்டம் நிலத்தைத் தரிசு என்று பெயரிட்டு எடுத்தது; புதிய கணக்கு அதனையே காபன் கிடங்கு என்று பெயரிட்டு எடுக்கின்றது. 2004 ஒக்டோபரில் தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில் கூடிய மக்கள் இயக்கத்தார் இவ்வாணிபத்தைக் கண்டித்துப் பிரகடனம் செய்தபோது, அவர்களுள் எவரும் புவி வெப்பமடைவதை மறுக்கவில்லை. வெப்பம் மெய் என்பதனாலேயே போலி மருந்தை எதிர்த்தனர். இதுவே எமது நண்பர்கள் தவறவிடும் முடிச்சு. நோய் பொய்யாயின் போலி மருந்தால் தீங்கு சிறிதே. நோய் மெய்யாயிருப்பதனால்தான் அம்மருந்து குற்றமாகின்றது. வாணிபத்தை எதிர்க்கும் ஒருவர் வெப்பத்தையும் மறுப்பாராயின், தமது வழக்கின் உயிர்நாடியைத் தாமே அறுத்துக்கொள்கின்றார்.

2021இல் கிளாஸ்கோவிலும் 2024இல் பாக்கூவிலும் கூடிய மாநாடுகள் இவ்வாணிபத்துக்குப் புதிய விதிகள் வகுத்து மறுபிறப்பளித்துள்ளன. நம் நாட்டிலும் காடுகளையும் தோட்டங்களையும் காட்டிக் காபன் வருவாய் தேடலாம் என்ற பேச்சு மீண்டும் எழுந்துள்ளது. தோட்டத்து நிலம் அரசினுடையது. 1990கள் முதல் நீண்ட குத்தகையில் கம்பனிகளிடம் உள்ளது. அதன் மரத்தை நட்டுப் பேணுபவர் கூலியாள். அம்மரத்தின் காபன் யாருடையது என்று இதுவரை தொழிற்சங்கம் எதுவும் உரத்துக் கேட்டதாக நாம் அறியோம். கேட்கவேண்டிய வேளை இது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைக் கடந்தபோது 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா, கேகாலை மாவட்டங்களின் மலைகள் மீண்டும் பெயர்ந்தன. நேரடிச் சேதம் 410 கோடி டொலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. 2022இல் எகிப்தில் கூடிய மாநாடு, இழப்புக்கும் சேதத்துக்குமென ஒரு நிதியம் அமைக்க இணங்கியிருந்தது. 1997இல் பிரேசில் கேட்ட அபராதத்தின் மெலிந்த நிழல் அது. உலகம் முழுவதுக்குமாக அதற்குச் செல்வ நாடுகள் வாக்களித்த தொகை, ஈரானும் எண்ணெயும் குறித்த ஒரு வாரப் போர்ச் செலவுக்கும் காணாது. நூறு கோடி டொலரைக் கூட அது எட்டவில்லை. அதிலிருந்து ஏதேனும் கிடைக்குமாயின், சேதப் பட்டியலில் லயன் அறை எத்தலைப்பின் கீழ் எழுதப்படும்? கட்டடம் கம்பனியின் பொறுப்பில். நிலம் அரசின் பெயரில். உள்ளே உறங்கியவருக்கோ உறுதிப் பத்திரம் இல்லை. இப்பட்டியலைத் தயாரிக்கும் பிரதேச செயலகத்தின் படிவத்தில் அவருக்கு ஒரு நிரல் உண்டா என்பதைக் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் உள்ள ஆசிரிய நண்பர்கள் இவ்வாண்டே சென்று கேட்டு வரலாம்.